மடங்கும் சக்கரமும் பழுதறியும் உரிமையும்

பெங்களூரிலுள்ள என்.ஏ.எல். ஆய்வகம் 1987இல் பறக்கவிட்ட எல்.சி.ஆர்.ஏ. என்னும் சிறு விமானம், அமெரிக்கரான பர்ட் ரூட்டனின் 'லாங்-ஈஸி' வடிவமைப்பைத் தழுவியது. லாங்-ஈஸி ஆய்வகங்களுக்காகப் பிறந்ததன்று. வரைபடத்தை விலைக்கு வாங்கி, வீட்டுக் கொட்டகையில் நுரைக்கட்டியையும் கண்ணாடியிழையையும் கொண்டு தாமே விமானம் கட்டுவோருக்கென வரையப்பட்டது. அதில் முன்சக்கரம் மட்டுமே மடங்கும். அதையும் விமானி கைப்பிடியைச் சுழற்றியே மடக்க வேண்டும். பம்பு, எண்ணெய்க் குழாய் எதுவும் அந்த வேலைக்கு இல்லை.

இதை எடைச் சிக்கனம் என்று மட்டும் வாசிப்பது போதாது. பழுது நேர்ந்தால் அதைக் கண்டறியப்போவது யார் என்னும் கேள்விக்கான விடையும் இவ்வடிவமைப்பில் அடங்கியுள்ளது.

நேரெதிரான தெரிவு லான்கேர் 320 போன்ற, உதிரிகளாக வாங்கி வீட்டில் கோக்கப்படும் விமானங்களினுடையது. அவற்றில் மடங்கிய சக்கரங்களை மேலே நிறுத்தி வைப்பது ஹைட்ராலிக் அழுத்தம் மட்டுமே, கொக்கி ஏதுமில்லை. பறக்கும்போது பம்பு சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாக ஓடத் தொடங்கினால், எங்கோ அழுத்தம் கசிகிறது என்று பொருள். தொட்டியில் எண்ணெய் மட்டம் குறைந்திருந்தால் கசிவு வெளியே. சிவப்பு எண்ணெயே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். மட்டம் குறையாவிட்டால்தான் சிக்கல். பிஸ்டனின் ஓ-ரிங்கைத் தாண்டியோ, மூடாத வால்வு வழியாகவோ எண்ணெய் உள்ளுக்குள்ளேயே இடம் மாறிக்கொண்டிருக்கும். விமானத்தை ஜாக்கியில் ஏற்றி, ஒவ்வொரு கிளையையும் தனித்தனியே அடைத்து, அழுத்தமானியின் முள் எப்போது நிலைக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். காரணம் வால்வில் சிக்கிய ஒரு துகளாக இருக்கலாம். கார் பிரேக் எண்ணெயை ஊற்றியதால் உப்பிப்போன ரப்பர் வளையமாகவும் இருக்கலாம். அழுத்தத்தைத் திறந்துவிட்டால் சக்கரங்கள் கீழே விழும் என்பது ஆபத்துக் காப்பு. பழுது அப்படியேதான் இருக்கும்.

இந்த அறிவில் ஒரு பகுதியே கையேட்டில் இருக்கிறது. எந்தக் குழாயை எங்கே வளைத்தோம், எந்த இணைப்பை இரண்டாம் முறை முறுக்கினோம் என்பது கட்டியவரின் நினைவில்தான் உள்ளது. அமெரிக்க விதி இதை ஏற்றுக்கொண்டது: விமானத்தைத் தாமே கட்டியவர், அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் ஆண்டுச் சோதனை நடத்தும் சான்றிதழைப் பெறலாம். அவரிடமிருந்து விலைக்கு வாங்கியவருக்கு அது கைமாறாது.

எல்.சி.ஆர்.ஏ. தந்த கூட்டுப்பொருள் அனுபவம் 1993இல் பறந்த ஹன்சாவுக்குச் சென்றது. ஹன்சாவின் சக்கரங்கள் மடங்குவதில்லை. பயிற்சி விமானத்துக்கு அது சரியான முடிவே. ஆயினும் கொட்டகை விமானத்தின் நுட்பம் அரசு ஆய்வகத்துக்குள் வந்த வேகத்தில், கொட்டகையில் கட்டுபவரின் உரிமை இந்நாட்டுக்கு வரவில்லை.

மும்பை இதற்குச் சான்று. விமானி அமோல் யாதவ் காந்திவலியில் ஓர் அடுக்ககத்தின் மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானமொன்றைக் கட்டினார். 2016 பிப்ரவரியில் பாந்த்ரா-குர்லா வளாகத்தில் நடந்த 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் பொதுமக்கள் அதைக் கண்டனர். பதிவெண் கிடைத்தது 2017 நவம்பரில். பறப்பதற்கான அனுமதி 2019இல்.