கோப்புகளில் இல்லாத வாழ்க்கை: சாகோஸ் தீவு மக்களின் சமூக ஆவணகம்

இந்தியப் பெருங்கடலின் நடுவிலுள்ள சாகோஸ் தீவுக்கூட்டத்தைப் பிரித்தானியா 1965 நவம்பரில் மொரீஷியசிலிருந்து பிரித்தெடுத்தது. அங்குள்ள பெருந்தீவாகிய டியேகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைப்பதே நோக்கம். 1973க்குள் தீவுமக்கள் அனைவரும் அகற்றப்பட்டு, மொரீஷியசிலும் செஷெல்சிலும் இறக்கிவிடப்பட்டனர்.

வெளியேற்றத்திற்கு முன்னரே அதற்குரிய சொல் ஆயத்தமாகிவிட்டது. நிலையான குடிகள் உண்டெனில் ஐ.நா. சாசனத்தின் 73ஆம் பிரிவு கடமைகளை விதிக்கும். ஆகவே இம்மக்கள் தற்காலிக ஒப்பந்தத் தொழிலாளர் எனக் குறிக்கப்பட்டனர். உண்மையில் இவர்கள், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தென்னந்தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளின் வழியினர். அடிமைமுறை ஒழிந்தபின் கூலிகளாகச் சென்ற தென்னிந்தியரும் இவர்தம் முன்னோருள் அடங்குவர். (தமிழக ஆய்வுகள் இத்தொடர்பை இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை.)

2000ஆம் ஆண்டில் இலண்டன் உயர்நீதிமன்றம் வெளியேற்றம் சட்டத்திற்கு முரணானது எனத் தீர்ப்பளித்தபோது, அரசின் கோப்புகளே அரசுக்கு எதிரான சான்றாயின. எனினும் அக்கோப்புகளில் அகற்றியவரின் குரலே ஒலிக்கிறது. மக்கள் எதை உண்டனர், எப்போது பாடினர் என்பது அவற்றில் இல்லை. தேங்காய்ப்பாலில் சமைக்கும் 'செராஸ்', புளிக்கவைத்த 'பாக்கா' என்னும் பானம், நெருப்பில் சூடேற்றி அறையும் வட்டப்பறை ஆகியவை முதியோர் நினைவிலேயே நின்றன. வெளியேற்றத்திற்கு எதிராகப் போராடிய சார்லேசியா அலெக்சிசின் பாடல்கள் ஒலிப்பதிவாயின. அவர் 2012இல் மறைந்தார். இங்கிலாந்தின் கிராலி நகரில் வளரும் பேரர் தலைமுறைக்கு இப்பதிவுகளே சாகோசியக் கிரியோல் மொழிக்கான வாயிலாகவும் அமையக்கூடும். ஆயினும் பாடல் குறிக்கும் கரையையும் கிணற்றையும் காணாதோர்க்கு ஒலிநாடா மட்டும் போதாது. பாடலோடு இடப்பெயர்களையும் உறவுமுறைகளையும் சேர்த்துப் பதியாத தொகுப்பு பாதித் தொகுப்பே ஆகும்.

இங்கு வகைப்பாடும் சிக்கலாகிறது. 2019 பிப்ரவரியில் அனைத்துலக நீதிமன்றம், மொரீஷியசின் குடியேற்ற விடுவிப்பு முறைப்படி நிறைவுறவில்லை என்று கருத்துரைத்தது. அதே ஆண்டு டிசம்பரில், 'சாகோஸ் செகா தம்பூர்' யுனெஸ்கோவின் அவசரப் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றது. முன்மொழிந்தது மொரீஷியஸ் அரசு. தன் நாட்டின் செகா வகைகளுள் ஒன்றாகவே அதனைக் காட்டியது. கலை காக்கப்படுகிறது என்பது மெய்யே. ஆனால் தீவுகளின் இறையாண்மை குறித்துச் சாகோசியரிடையே ஒருமித்த கருத்தில்லை. மொரீஷியசிலும் கிராலியிலும் பதிவுகளைத் திரட்டுவோர், ஒவ்வொரு பாடலுக்கும் எந்நாட்டின் பெயரைத் தலைப்பில் இடுவது என்பதைத் தாமே முடிவுசெய்ய வேண்டியுள்ளது.