மலையகத் தோட்டங்களில் வானொலி: டியூனரும் இலக்க–ஒப்புமை மாற்றியும்

வானில் கலந்து வரும் பல நூறு அலைகளிலிருந்து வேண்டியதைப் பிரித்தெடுப்பது டியூனர். எண்களாக வந்து சேரும் ஒலியை மீண்டும் மின்னலையாக்கி ஸ்பீக்கருக்குக் கொடுப்பது இலக்க–ஒப்புமை மாற்றி, சுருக்கமாக டிஏசி. நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களில் முன்னதுக்கே நீண்ட வரலாறு உண்டு.

இலங்கையில் ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16 அன்று கொழும்பில் தொடங்கியது. அது 1949இல் ரேடியோ சிலோன் ஆனது. 1967இல் கூட்டுத்தாபனம் ஆனது. மின்சாரம் எட்டாத லயங்களுக்குள் வானொலி நுழைய வழிவிட்டது பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் பெட்டிதான். அதன் குமிழைத் திருப்பினால் உள்ளே கேங் கண்டன்சரின் அரைவட்டத் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும், விலகும். தகடுகள் விலக விலக முள் உயர் அதிர்வெண் பக்கம் நகரும். மயிரிழை பிசகினாலும் இரைச்சல்தான். நிலையம் சரியாகப் பிடிபடும் அந்த இடத்தை விரல்கள் பழகி வைத்திருந்தன.

மலைநாட்டில் அலையின் நீளமும் முக்கியம். 1 மெகாஹெர்ட்ஸ் மத்திய அலையின் நீளம் 300 மீட்டர். அது மலைமுகட்டில் வளைந்து மறுபக்கத்துக்கும் ஓரளவு இறங்கும். 100 மெகாஹெர்ட்ஸ் பண்பலைக்கு 3 மீட்டர்தான். குறுக்கே மலை நின்றால் அதன் நிழலில் ஒலி மங்கிவிடும். 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலை உச்சியில் தொலைக்காட்சிக் கோபுரம் எழுந்ததற்கும் இதுவே காரணம்.

டிஏசி வீடுகளுக்குள் வந்தது 1982இல் விற்பனைக்கு வந்த சிடி வழியாக. அதில் ஒலி வினாடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிவாகிறது. ஒவ்வொன்றும் 16 பிட், அதாவது 65,536 படிகளில் ஒன்று. தோட்டங்களிலோ அது பெரும்பாலும் செல்பேசிக்குள்ளும் டிஷ் பெட்டிக்குள்ளும் ஒளிந்து வந்தது. அந்தப் பெட்டியில் இரண்டும் உண்டு: கேபிள் நுழையும் இடத்தில் டியூனர், ஒலி வெளியேறும் இடத்தில் டிஏசி.

டியூனர் தடுமாறினால் பழைய பெட்டி இரைந்துகொண்டாவது பாடும். இலக்கமுறை ஒலியில் எண்கள் தவறினால் பாட்டு சட்டென்று அறுந்துவிடும். தென்மேற்குப் பருவ மழையில் டிஷ் படம் உறைந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அப்போது எவ்வளவு விலையுயர்ந்த டிஏசியாலும் பயனில்லை, வராத எண்ணை அது ஒலியாக்க முடியாது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய டிரான்சிஸ்டர் கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பின்மூடியைக் கழற்றி, குமிழைத் திருப்பி, அந்தத் தகடுகள் நகர்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.