அம்பலம்: ஊர்ப் பொதுவிடம் கோயிலான கதை

வீட்டுக்குள் இருந்த விவகாரம் தெருவுக்கு வந்தால் ‘அம்பலமாகிவிட்டது’ என்கிறோம். அம்பலம் ஏறுவது என்றால் நாலு பேர் முன்னால் வந்து நிற்பது. மதுரை, சிவகங்கைப் பக்கத்துக் கிராமங்களில் ஊர்ப் பெரியவருக்கு அம்பலகாரர் என்று பட்டம். மலையாளத்தில் இதே சொல்லுக்குக் கோயில் என்று பொருள். சிங்களத்தில் ‘அம்பலம’ என்பது வழிப்போக்கர் தங்கும் சாவடி. வழக்கு எத்தனை விதமாக விரிந்தாலும் அடியில் கிடப்பது ஒன்றுதான்: எல்லாருக்கும் பொதுவான, திறந்த கட்டடம்.

சங்கப் பாட்டுகள் இதைப் பொதியில் என்றும் மன்றம் என்றும் சொல்லும். பொதுவான இல், பொதியில். பட்டினப்பாலை காட்டும் பொதியிலில் தரை மெழுகிப் பூ இட்டிருக்கிறது. அந்தியில் ஏற்றிய விளக்கு அணையாமல் எரிகிறது. தெய்வம் உறையும் தூணைப் பலரும் வந்து தொழுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் அங்கேயே தங்குகிறார்கள். கோயிலும் சத்திரமும் இன்னும் பிரியாத நிலை அது. தில்லை (சிதம்பரம்) அம்பலத்தின் மூதாதையாக நான் இதைத்தான் பார்க்கிறேன். சைவப் பாட்டுகள் தில்லைக் கூத்தன் ஆடும் இடத்தை மன்று என்றும் பொது என்றும் அழைப்பதற்கு வேறு நல்ல விளக்கம் இல்லை.

தில்லை, மரத்தின் பெயர். அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இன்று அதைப் பார்க்கப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குத்தான் போக வேண்டும். புலிக்கால் முனிவரான வியாக்கிரபாதர் கதையால் ஊருக்குப் புலியூர் என்றும் பெயர். கடலூருக்குள் இருக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் பெயர் வந்தது அதே முனிவரால்தான். ஆனால் மரத்தையும் முனிவரையும் தாண்டி நிலைத்தது ஒரு கட்டடத்தின் பெயர்: சிற்றம்பலம்.

அதன் முன்னால் நின்று மேலே பாருங்கள். சுற்றிலும் கருங்கல் மண்டபங்கள், நான்கு திக்கிலும் வானளாவிய கோபுரங்கள். நடுவிலோ மரத்தால் ஆன சின்னஞ்சிறு கூடம், அதன்மேல் குடிசைக் கூரைபோல வளைந்து சரியும் முகடு. கீற்றுக்குப் பதில் பொன் ஓடு. ஓடுகள் 21,600 என்றும், மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சும் அத்தனை என்றும் மரபாகச் சொல்வார்கள். நிமிடத்துக்கு 15 என்று வைத்தால் கணக்குச் சரியாகவே வரும்.

7ஆம் நூற்றாண்டிலேயே அப்பர் இதைப் பொன்னால் வேய்ந்த சிற்றம்பலம் என்று பாடிவிட்டார். அங்கே அவர் ஆளும் சொல் ‘மேய்ந்த’. கூரை போடுகிறவர்கள் இன்றும் ‘கீத்து மேயறது’ என்றுதான் பேசுவார்கள். பொன்னைப் பற்றிப் பேசும்போதும் அப்பர் வாயில் வந்தது குடிசைக் கூரையின் சொல்.

பிறகு முதலாம் பராந்தகன் (907–955) பொன் வேய்ந்ததைச் சோழர் செப்பேடு சொல்கிறது. அவன் மகன் கண்டராதித்தன் பாடிய திருவிசைப்பா 9ஆம் திருமுறையில் இருக்கிறது. பாண்டி நாட்டையும் ஈழத்தையும் கொண்ட சோழன் இந்த அம்பலத்துக்குப் பொன் அணிவித்ததை அதில் பதிந்து வைத்திருக்கிறான். தந்தையின் திருப்பணிக்கு மகன் பாட்டில் எழுதிய சாட்சி! கட்டடக் கலை வரலாற்றை எழுதுகிறவர்கள் கல்வெட்டுப் படிகளோடு திருமுறையையும் விரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பேச்சில் சிற்றப்பா சித்தப்பா ஆனார், காற்று காத்து ஆனது. சிற்றம்பலம் சித்தம்பலமானதும் அப்படித்தான். அங்கிருந்து சிதம்பரத்துக்கு ஓர் எட்டு. வடமொழியில் சித் அறிவு, அம்பரம் வெளி. அறிவுவெளி என்ற பொருள் அழகானது. அதை ஒட்டி வளர்ந்த தத்துவமும் பெரிது. ஆனால் அந்தப் பெயரில் கூரையும் இல்லை, கூடும் மக்களும் இல்லை. சபை என்ற சொல்லும் வந்து சேர்ந்தது: சிற்சபை, கனகசபை, கோயிலே சபாநாயகர் கோயில். சட்டமன்றத்துச் சபாநாயகருக்கும் நடராசருக்கும் பெயர் ஒன்றுதான். பழைய பெயரைக் காத்தவர்கள் ஓதுவார்கள். எந்த ஊர்க் கோயிலில் பாடினாலும் பதிகத்துக்கு முன்னும் பின்னும் ‘திருச்சிற்றம்பலம்’ என்கிறார்கள்.

பொதுவிடம் என்ற பொருளை மீட்கப் பார்த்தவர் வள்ளலார். சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823இல் பிறந்தவர். 1872 தைப்பூசத்தில், இன்றைய கடலூர் மாவட்டத்து வடலூரில் எண்கோண வடிவில் சத்திய ஞான சபையைத் திறந்து, அந்த இடத்துக்கு உத்தரஞான சிதம்பரம் என்று பெயரிட்டார். சாதியும் சமயமும் அங்கே கேள்வியில்லை. கொலையும் புலாலும் தவிர்த்திருக்க வேண்டும் என்பதே உள்ளே புக நிபந்தனை. திருவருட்பா முழுக்கப் ‘பொது’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம்.

தில்லையிலோ, அம்பலம் எல்லாருக்கும் பொதுவா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. சிற்றம்பல மேடையில் தேவாரம் பாட 2008இல் அரசாணை வேண்டியிருந்தது. கனகசபையில் ஏறி நின்று பக்தர்கள் வழிபடலாம் என்று 2022 மே மாதம் இன்னோர் ஆணை. கோயில் பூசகர்களான பொது தீட்சிதர்கள் மரபைச் சொல்லி எதிர்த்தார்கள். மரபு என்று பேசுவதானால், அம்பலம் என்ற பெயருக்குள் இருக்கும் மரபையும் சேர்த்தே பேச வேண்டும். அது பட்டினப்பாலை வரைக்கும் போகிறது.