பானோஸ்டைட்டிஸ்

பானோஸ்டைட்டிஸ் என்பது வளரும் நாய்களின் நீள எலும்புகளைத் தாக்கி வலியும் நொண்டலும் உண்டாக்கும் நோய். அல்சேஷன் எனப்படும் ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்தில் மிகுதி. கிரேட் டேன், லாப்ரடார் முதலிய பெரிய இனங்களிலும், குட்டைக்கால் பாசெட் ஹவுண்டிலும் காணப்படும். பெரும்பாலும் 5 முதல் 18 மாத வயதில் தோன்றும். பெண் நாய்களைவிட ஆண் நாய்களுக்கே அதிகம் வருகிறது.

இந்நோய் 1951இல் ஆஸ்திரியக் கால்நடை மருத்துவர்களால் முதன்முதலில் விவரிக்கப்பட்டது. பாவ்மன், பொம்மர் இருவரும் இதை இளம் ஷெப்பர்ட் நாய்களின் நாட்பட்ட எலும்பு மஜ்ஜை அழற்சி என வகைப்படுத்தினர். அதே ஆண்டில் கிராட்சல், நோயுற்ற நாய்களின் இரத்தத்தில் இயோசினோஃபில் அணுக்கள் பெருகியிருந்ததைக் கொண்டு ‘இயோசினோஃபிலிக் பானோஸ்டைட்டிஸ்’ என்றார். பின்னர் ஆராயப்பட்ட பல நாய்களில் அந்தப் பெருக்கம் இல்லாததால் முன்னொட்டு வழக்கொழிந்தது. மஜ்ஜையை வளர்த்துப் பார்த்தும் பாக்டீரியா கிடைக்கவில்லை. நுண்ணோக்கியில் தெரிவது வேறு: ஊட்ட இரத்தக்குழாய் எலும்புக்குள் நுழையும் துளையருகே மஜ்ஜைக் கொழுப்பு சிதைந்து, அங்கே நார்த்திசுவும் புது எலும்பும் உருவாகின்றன, அழற்சி அணுக்கள் இருப்பதில்லை. ஆகவே பெயரளவில்தான் இது அழற்சி நோய். குறிப்பிட்ட இனத்தில் இவ்வளவு குவிந்திருப்பதால் மரபையே முதற்காரணமாகக் கொள்ள வேண்டும். புரதம் மிகுந்த தீவனத்தின் மேல் சுமத்தப்படும் பழி நிறுவப்படாதது.

அடிபட்டதற்கான தடயம் எதுவுமின்றி நாய் நொண்டத் தொடங்கும். சில வாரங்களில் அந்தக் கால் தேறி, வேறொரு கால் நொண்டும். இந்த இடமாற்றமே முதன்மையான தடயம். சிலவற்றுக்குக் காய்ச்சலும் பசியின்மையும் உண்டு. எலும்பின் நடுத்தண்டை மருத்துவர் விரலால் ஆழ அழுத்தினால் நாய் கத்தும் அல்லது காலை இழுத்துக்கொள்ளும். முன்னங்காலின் அல்னா எலும்பே அடிக்கடி பாதிக்கப்படுகிறது. எக்ஸ்ரேயில் மஜ்ஜைக் குழிக்குள் திட்டுத்திட்டாக வெண்மை தெரியும். ஆனால் வலி தொடங்கி ஏறத்தாழ 10 நாள் வரை படம் இயல்பாகவே இருக்கக்கூடும். அப்போது சில வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். முழங்கை, இடுப்பு மூட்டுகளின் வளர்ச்சிக் குறைபாடு உடனிருக்கலாம் என்பதால் அவற்றையும் சோதிப்பது அவசியம்.

சிகிச்சை எளிது: ஓய்வு, கார்ப்ரோஃபென் அல்லது மெலாக்சிகாம் போன்ற வலிநீக்கி. அறுவை தேவையில்லை. நோய் மாதக்கணக்கில் வந்து வந்து போய், வளர்ச்சி முடியும்போது தானே அடங்கும். மனிதருக்கான ஐபுப்ரோஃபென் மாத்திரையை நாய்க்குத் தரக்கூடாது. அது இரைப்பையில் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.