கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நம் பெண்கள்
(நம்ம ஊர்ப் பலசரக்குக் கடைகளின் வரலாறு)



கூட்டமைப்பு மலருக்கு ஊர் வரலாறு ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். ராஜபாளையம் என்றால் மில், மாம்பழம், வேட்டை நாய். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள் கோவில், ஆடிப்பூரத் தேர், பால்கோவா. இதையெல்லாம் எழுதியவர்கள் நிறையப் பேர். தினமும் போய் நிற்கிற தெருமுனைப் பலசரக்குக் கடையைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. நான் கடைக்காரக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவள். குழு நோட்டு எழுதுவதற்கு முன்னாலேயே கடை நோட்டு எழுதிய கை இது. அதனால் கடையைப் பற்றியே எழுதுகிறேன்.

கடைகளின் பெயர்ப்பலகையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அப்பா பேர் இருக்கும், தாத்தா பேர் இருக்கும். "அன் சன்ஸ்", "பிரதர்ஸ்" என்று இருக்கும். "மகள்கள்" என்று எழுதிய பலகையை நான் இதுவரை பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கடைகள் நிமிர்ந்து நின்றது பெண்களின் காசிலும் பெண்களின் உழைப்பிலும்தான். அதற்கு நம்ம மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது.

பேட்டை, மகமை, பிடி அரிசி

ரயிலும் லாரியும் வருவதற்கு முன்னால் சரக்கு மாட்டு வண்டியில்தான் வந்தது. வழியில் திருட்டுப் பயம். அதனால் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் குடியேறிய நாடார் வணிகர்கள் பேட்டை என்று ஒன்றைக் கட்டினார்கள். சுற்றுச்சுவர் வைத்த இடம். வண்டியை உள்ளே விட்டு, சரக்கை இறக்கி, இரவு நிம்மதியாகப் படுக்கலாம். அங்கே வருகிற சரக்குக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தங்களுக்குள்ளேயே ஒரு சிறு தொகை வசூலித்துக்கொண்டார்கள். அதற்குப் பெயர் மகமை. அரசாங்கம் போட்ட வரி இல்லை, தாங்களே கூடிப் பேசி வைத்துக்கொண்டது. அந்தப் பணத்தில் கோவில், கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன. விருதுநகர் சத்திரிய வித்யாசாலா 1880களில் அப்படி வந்த பள்ளிதான்.

அந்தப் பள்ளிக்கு இன்னொரு வருமானமும் இருந்தது: பிடி அரிசி. உலை வைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். சேர்ந்ததைப் பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்கள். வியாபாரிகள் நடத்திய பள்ளி என்று வரலாறு சொல்கிறது. சரிதான். ஆனால் பானைக்குப் போகவேண்டிய அரிசியில் ஒரு பிடியைக் குறைத்து, இருப்பதை வைத்து எல்லோருக்கும் வயிறு நிறையப் பரிமாறியது யார்? அடுப்படியில் நின்ற பெண்தானே! நம்ம வாரச் சேமிப்புக்கு அந்தப் பிடி அரிசியைப் பாட்டி என்றே சொல்லலாம்.

மகமை கட்டிப் பழகிய அந்தச் சமூகத்து வியாபாரிகள் 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியைத் தொடங்கினார்கள். 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. சிறுகச் சேர்த்து, கூட்டாக வைத்து, கணக்கு எழுதி, வங்கி வரைக்கும் போன பாதை அது. குழு, கூட்டமைப்பு, வங்கி இணைப்பு என்று நாம் நடக்கிற பாதையும் அதே மாதிரிதான்.

சிவகாமி அம்மாளின் நகை

பெருந்தலைவர் காமராஜர் 1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் தேதி விருதுநகரில் பிறந்தார். அப்பா குமாரசாமி தேங்காய் வியாபாரி. காமராஜருக்கு ஆறு வயது இருக்கும்போதே அப்பா தவறிவிட்டார். அம்மா சிவகாமி அம்மாள் என்ன செய்தார்? காதில் கிடந்த தோட்டைத் தவிர மற்ற நகைகளை விற்று, அந்தப் பணத்தை உள்ளூர் வியாபாரி ஒருவரிடம் கொடுத்து வைத்து, மாதாமாதம் வந்த வட்டியில் குடும்பத்தை நடத்தினார். காமராஜர் படித்ததும் அந்தப் பிடி அரிசிப் பள்ளியில்தான். பிறகு படிப்பை நிறுத்திவிட்டுத் தாய்மாமனின் துணிக்கடையில் வேலைக்கு நின்றார். அந்தப் பையன்தான் பின்னால் ஒன்பது வருஷம் முதலமைச்சராக இருந்தவர்.

இந்தக் கதையைத் தியாகத் தாய் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நான் கடைக்காரி, கணக்காகப் பார்க்கிறேன். அந்த வியாபாரியின் கடையில் சுற்றிய முதலில் ஒரு பகுதி சிவகாமி அம்மாளின் நகை. அந்த வியாபாரத்தில் அவரும் ஒரு முதலாளி. ஆனால் எந்தப் பலகையிலும் அவர் பேர் ஏறவில்லை. நம்ம ஊரிலும் எத்தனை கடைகள் வளையலிலும் சங்கிலியிலும் முளைத்தன என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டுக் கடைக்கு முதல் மூட்டை சரக்கு இறங்கியதும் மாமியாரின் நகையில்தான்.

ரயிலும் மில்லும் மாதச் சம்பளமும்

1927இல் விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு ரயில் பாதை திறந்தது. பருப்பு, எண்ணெய், வத்தல், மல்லி எல்லாவற்றுக்கும் மொத்தச் சந்தை விருதுநகர். இன்றைக்கும் அங்கே சொல்கிற விலைதான் பேப்பரில் வருகிறது. ரயில் வந்த பிறகு அந்தச் சரக்கு நம்ம பக்கம் வருவது சுலபமாயிற்று.

1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். மில் வந்ததும் ஊரில் மாதச் சம்பளம் வந்தது. காட்டு வேலைக்காரக் குடும்பம் அறுவடைக்குத்தான் கடனை அடைக்கும். தறிக்காரர்கள் வாரக் கூலி வாங்கியதும் கொடுப்பார்கள். மில்காரர் வீட்டில் ஒன்றாம் தேதி, இரண்டாம் தேதிக்குள் கணக்கு முடியும். ஒரே கடையில் மூன்று விதமான கணக்கு. யாருக்கு எப்போது கை நிறையும், யாருக்கு எப்போது கை காயும் என்று தெரிந்தவர்தான் கடை நடத்த முடியும்.

அது தெரிந்தவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். எங்க மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருப்பாங்க. "அந்த வீட்ல பிள்ளைத்தாச்சி இருக்கா, இப்பப் போயி கேக்காதீங்க"ன்னு சொல்லுவாங்க. மத்தியானம் ஆண்கள் சாப்பிட்டுக் கண் அசருகிற நேரம் கடையில் உட்காருவது அவங்கதான். பருப்புப் புடைப்பது, கல் பொறுக்குவது, வத்தல் காயப்போடுவது, பழைய பேப்பரில் பசை தடவிப் பை ஒட்டுவது எல்லாமே வீட்டுக்குள் நடக்கும். கடையில் வேலை பார்க்கிற பையனுக்குக் கூலி உண்டு, சாப்பாடு உண்டு. வீட்டு வேலையாக நடந்த கடை வேலைக்கு எந்தக் கணக்கிலும் பற்றும் இல்லை, வரவும் இல்லை.

வீசை போய் கிலோ வந்தது

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரிசிக்குக் கட்டுப்பாடு வந்தது. ரேஷன் என்ற சொல் வீட்டுக்குள் வந்தது அப்போதுதான். நம்ம ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தபோதும் அந்தக் கட்டுப்பாடு இருந்தது. 1952இல் ராஜாஜி வந்து அதை எடுத்தார்.

அடுத்து 1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா வந்தது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா. அன்றிலிருந்து ரூபாய்க்கு 100 பைசா. ஒரு அணாவுக்கு ஆறேகால் பைசா. கால் பைசாவை யார் கொடுப்பது, யார் விடுவது? ஒரு அணாவுக்கு 6 பைசா, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நாலு அணாவுக்கு 25 என்று கணக்கு வைத்தார்கள். அதற்குப் பின்னாலேயே எடையும் மாறியது. 40 பலம் ஒரு வீசை. இன்றைய கணக்கில் ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம். வீசையும் பலமும் போய், 1960களில் கிலோவும் கிராமும் நிலைத்தன. பள்ளிக்கூடம் போகாத பெண்கள் அணாவைப் பைசாவாக்கி, வீசையைக் கிலோவாக்கி மனக்கணக்காகவே சாமான் வாங்கினார்கள். "பொம்பளைக்குக் கணக்கு வராது" என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பிறகு மாற்றங்கள் வரிசையாக வந்தன. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது, நியாயவிலைக் கடை பரவியது. 1980களில் ஷாம்பூ சின்னப் பாக்கெட்டில் வந்தது. கடலூர்க்காரர் சி.கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய சிக் அந்த வகைதான். பாட்டில் வாங்க முடியாத வீட்டுக்கும் ஷாம்பூ போனது. கடை வாசலில் சரம் சரமாகப் பாக்கெட் தொங்க ஆரம்பித்தது. 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம் ஆனதும் கடையில் சாதாரண அரிசி ஓட்டம் குறைந்தது. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபோது, பேப்பர்ப் பை ஒட்டத் தெரிந்த பழைய கைகளை மறுபடியும் தேடினார்கள்.

பற்று நோட்டின் இரண்டு முகம்

"இன்று ரொக்கம், நாளை கடன்" என்று போர்டு தொங்கும். அதற்குக் கீழேயே பற்று நோட்டும் தொங்கும். நம்ம பக்கத்துக் கடை கடன் இல்லாமல் நடந்ததே இல்லை. கையெழுத்து கிடையாது, ஜாமீன் கிடையாது. "அண்ணாச்சி, எழுதிக்கோங்க" என்றால் போதும். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று சொன்னபோதும், 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோதும், பல வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்த நோட்டினால்தான். பெரிய கடைகளோ போனில் வாங்குகிற கடைகளோ அந்த நேரத்தில் முகம் பார்த்துச் சாமான் தரவில்லை. அந்த நன்றியை மறக்கக் கூடாது.

ஆனால் நோட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. கடன் வாங்குகிறவர் விலை கேட்க முடியாது. பழைய பாக்கி இருந்தால் வேறு கடைக்குப் போக முடியாது. சரக்கு சுமாராக இருந்தாலும் வாயைத் திறக்க முடியாது. வாங்குவது மனைவியாக இருந்தாலும் நோட்டின் தலைப்பில் கணவன் பேர்தான் இருக்கும். கடைக்காரர் பக்கமும் கஷ்டம்தான். மொத்த வியாபாரிக்குத் தவணை சொல்லிச் சரக்கு எடுத்திருப்பார். இங்கே பத்து வீட்டில் பாக்கி நின்றால் அங்கே அவர் பேர் கெடும். வியாபாரம் இல்லாமல் மூடிய கடையைவிட, கடன் வராமல் மூடிய கடைதான் அதிகம் என்பது கடைக்காரர்கள் வீட்டில் சொல்லுகிற பேச்சு.

குழு கொண்டுவந்த மாற்றம் இங்கேதான். கடையில் முதலில் கடன், பிறகு கட்டுவது. குழுவில் முதலில் சேமிப்பு, பிறகு கடன். வட்டி எவ்வளவு என்று பத்துப் பேர் முன்னால் முடிவு செய்து நோட்டில் எழுதுகிறோம். 10,000 ரூபாய்க்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் மாதம் 100 ரூபாய். அதே பணத்துக்குப் பத்து வட்டி என்றால் மாதம் 1,000 ரூபாய். அதைவிட முக்கியம், பாஸ்புக்கில் இருப்பது நம்ம பேர்.

1989

இந்த வருஷத்தை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தருமபுரி மாவட்டத்தில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கியது 1989இல். 1997இல் மகளிர் திட்டம் வந்து மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது.

அதே 1989இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் தமிழ்நாடு திருத்தியது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு என்றது. அதற்கு முன்னால் திருமணம் ஆன மகள்களுக்கு அது பொருந்தவில்லை. 2005இல் மத்தியச் சட்டம் அந்த வேறுபாட்டையும் எடுத்துவிட்டது. பூர்வீகக் கடைக் கட்டடமும் சொத்துதான். மகளுக்கு அதில் பங்கு உண்டு.

என்னைப் போன்ற மருமகளுக்கு? அந்தச் சட்டம் மாமனார் கடையில் மருமகளுக்குப் பிறப்புரிமை தரவில்லை. கணவரின் பங்குக்கு அவர் காலத்துக்குப் பிறகுதான் மனைவி வாரிசு. முப்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தாலும் காகிதத்தில் பேர் இல்லையென்றால் அவள் உதவிக்கு வந்தவள் கணக்குத்தான். குழுக் கடனை வாங்கிக் கணவன் கடையில் சரக்கு போட்ட சகோதரிகள் நம்மில் எத்தனை பேர்! தவணை நம்ம பேரில், கடை அவர் பேரில். இது சிவகாமி அம்மாள் காலத்துக் கணக்கேதான்.

பால்கோவாவையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர் பேருக்கு அது பெருமை. விடிகாலையில் மாட்டுக்குத் தீவனம் வைத்து, சாணி அள்ளி, பால் கறந்து சங்கத்தில் ஊற்றுகிற பெண் இல்லாமல் அந்தப் பால்கோவா இல்லை. சங்கத்து அட்டை யார் பேரில் இருக்கிறது என்று வீட்டில் எடுத்துப் பாருங்கள்.

இனி என்ன செய்யலாம்

கணவரோடு சண்டை போடச் சொல்லவில்லை. கடை குடும்பத்துக்குத்தான். ஆனால் சில வேலைகளைச் செய்து வைக்கலாம். கடையில் ஒட்டியிருக்கிற கியூஆர் அட்டையில் பணம் போட்டால் யார் கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள். உங்கள் கடனில் நடக்கிற கடை என்றால் உங்கள் கணக்கும் அதில் இருக்கட்டும். உத்யம் பதிவு, உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுக்கும்போது உங்கள் பேரில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். கடையில் நீங்கள் போட்ட நகை, குழுக் கடன் எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மகளையும் கல்லாவில் உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். கூட்டமைப்பும் ஒன்று செய்யலாம்: நம்ம உறுப்பினர்கள் நடத்தும் கடைகளின் பட்டியலைப் போட்டு, கூட்டச் செலவுக்கும் விழாவுக்கும் அங்கேயே சாமான் வாங்கலாம்.

பிடி அரிசி எடுத்து வைத்த பெண்களின் பேர் எந்த ஏட்டிலும் இல்லை. நம்ம பேரை நாமே எழுதி வைப்போம், சகோதரிகளே.

ஒற்றுமையுடன்,
உங்கள் சகோதரி,
ராஜபாளையம்