எண்ணெய்த் திரி முதல் தண்ணீர்ப் புட்டி மூடி வரை: மிதிவண்டி விளக்கின் வரலாறு

மிதிவண்டி விளக்கு என்பது இருளில் செல்லும்போது ஓட்டுபவர் பாதையைக் காணவும், பிறர் அவரைக் காணவும் உதவும் கருவியாகும். இவ்விரு பயன்களும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேறுவேறானவை. பாதையைக் காட்டும் விளக்கு முன்னோக்கிக் குவிந்து, வலுவாக எரிய வேண்டும். ஆளைக் காட்டும் விளக்கு மங்கலாக இருந்தாலும் போதும். ஆனால் பல திசைகளிலிருந்தும் தெரிய வேண்டும். தண்ணீர்ப் புட்டியின் (வாட்டர் பாட்டில்) மூடியிலேயே சிறு விளக்கைப் பொருத்தும் அண்மைக்கால அமைப்பு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதன் ஒளி சாலையில் விழுவதே இல்லை. அத்தகைய விளக்கு ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய, மிதிவண்டி விளக்கின் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

எண்ணெய் விளக்குகள்

ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் 1817இல் ஓட்டிக் காட்டிய இருசக்கர வண்டிக்கு மிதியும் இல்லை, விளக்கும் இல்லை. கால்களால் தரையை உந்தி ஓட்டப்பட்ட அவ்வண்டி பெரும்பாலும் பகல்நேரப் பொழுதுபோக்காகவே இருந்தது. 1870களில் முன்சக்கரம் பெரிதாகவும் பின்சக்கரம் சிறிதாகவும் அமைந்த உயரமான மிதிவண்டிகள் பிரித்தானியாவில் பரவிய பின்னரே விளக்கு ஒரு தனித் தொழிலாயிற்று. இவ்வண்டியில் ஓட்டுபவர் முன்சக்கரத்துக்கு நேர் மேலே அமர்ந்திருப்பார். ஒரு கல்லில் சக்கரம் தடுக்கினாலும் தலைகுப்புற விழ நேரும். ஆகவே சக்கரத்தின் முன்னால் உள்ள சில அடித் தூரத்தைக் காண்பது அவருக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

இதற்கெனக் 'குட விளக்கு' உருவானது. முன்சக்கரத்தின் ஆரக்கம்பிகளுக்கு இடையே, அச்சுக் குடத்திலிருந்து அது தொங்கவிடப்பட்டது. சக்கரம் சுழன்றாலும் விளக்கு தன் எடையால் நேராகவே நிற்கும். பர்மிங்காமில் தெருத்தெருவாக வண்டியில் மண்ணெண்ணெய் விற்றுவந்த ஜோசப் லூகாஸ், பிற்காலத்தில் விளக்கு செய்பவரானார். 1870களின் இறுதியில் 'சாலையின் அரசன்' என்று பொருள்படும் பெயரில் அவர் விற்ற குட விளக்கு பெரும் புகழ் பெற்றது. மோட்டார் வாகன மின்கருவிகளுக்குப் பெயர்பெற்ற லூகாஸ் நிறுவனத்தின் வளர்ச்சி இவ்விளக்கிலிருந்து தொடங்கியது.

எண்ணெய் விளக்கில் குறைகள் பல இருந்தன. குலுக்கலில் சுடர் அணைந்தது. திரி கரிந்து கண்ணாடியில் புகை படிந்தது. காற்றடித்தால் எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி கோவென்ட்ரியில் உருவாக்கிய 'ரோவர்' வண்டியும், 1888இல் டன்லப் உருவாக்கிய காற்றடைத்த டயரும் மிதிவண்டியைத் தாழ்வானதாகவும் அதிர்வு குறைந்ததாகவும் ஆக்கின. விளக்கு சக்கரத்துக்குள்ளிருந்து கைப்பிடிக்கு அருகே இடம் மாறியது.

சட்டம் கேட்ட வெளிச்சம்

1888ஆம் ஆண்டின் பிரித்தானிய உள்ளாட்சிச் சட்டம் மிதிவண்டியை 'வண்டி' என்று அறிவித்தது. குதிரை வண்டிகளுக்குச் சமமாகச் சாலையில் செல்லும் உரிமை இதனால் மிதிவண்டிக்கு உறுதியாயிற்று. உரிமையோடு கடமையும் வந்தது. சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பின்னும், சூரியன் உதிக்க ஒரு மணி நேரத்துக்கு முன்னும் இடைப்பட்ட பொழுதில் ஓட்டுபவர், செல்லும் திசையில் ஒளி காட்டும் விளக்கைப் பொருத்தியிருக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறியது.

இங்கே கவனிக்க வேண்டியது சட்டத்தின் நோக்கம். வண்டி வருவதையும் அது இருக்கும் இடத்தையும் பிறருக்கு உணர்த்தப் போதுமான வெளிச்சம் இருந்தால் சட்டத்துக்குப் போதும். ஓட்டுபவர் பள்ளத்தைப் பார்க்கிறாரா என்பது அவருடைய சொந்தப் பாடு. பாதையைக் காண விளக்கு வாங்கியவர்களிடம், பிறர் காண விளக்கு ஏற்றும்படி அரசு கேட்டது. பின்னாளில் எழுந்த சர்ச்சைகள் அனைத்துக்கும் விதை இங்கேதான் உள்ளது.

தண்ணீரால் எரிந்த விளக்கு

1892இல் தாமஸ் வில்சன் அமெரிக்காவின் வட கரோலினாவில் அலுமினியம் தயாரிக்க முயன்றபோது, கால்சியம் கார்பைடை மலிவாக உற்பத்தி செய்யும் வழி தற்செயலாகக் கிடைத்தது. மாம்பழத்தைப் பழுக்க வைக்கப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் துறையினர் எச்சரிக்கும் 'கார்பைடு கல்' இதுவேயாகும். இதன்மீது தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயு வெளிப்படும். அவ்வாயு மிக வெண்மையான, பிரகாசமான சுடருடன் எரியும்.

இந்த வேதிவினையைக் கொண்டு 1890களின் பிற்பகுதியில் மிதிவண்டிக் கார்பைடு விளக்குகள் வந்தன. விளக்கின் மேலறையில் தண்ணீரும் கீழறையில் கார்பைடு துண்டுகளும் இருக்கும். இடையிலுள்ள திருகைத் திறந்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். சொட்டும் வேகத்தைக் கூட்டினால் சுடர் பெரிதாகும், குறைத்தால் சிறிதாகும். எண்ணெய் விளக்கைவிட இதன் ஒளி பன்மடங்கு வலுவானது. ஆனால் ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் கீழறையில் தேங்கும் சுண்ணாம்புச் சேற்றைச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. திருகை மூடினாலும் ஏற்கெனவே நனைந்த கார்பைடு வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். கடுங்குளிரில் தண்ணீர் உறைந்தால் விளக்கும் நின்றுவிடும். இவ்வளவு தொல்லைகள் இருந்தும் சில பத்தாண்டுகள் இது புழக்கத்தில் இருந்தது. மிதிவண்டி விளக்குடன் தண்ணீர் கொண்ட முதல் உறவு இதுவே.

டைனமோ

மின்கலத்தில் எரியும் விளக்குகளும் இருந்தன. ஆனால் அன்றைய மின்கலங்கள் கனமானவை, விரைவில் தீர்பவை. ஓட்டுபவரின் கால்வலுவையே மின்சாரமாக்கும் டைனமோ இதற்கு நல்ல மாற்றாக அமைந்தது. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1923இல் மிதிவண்டி டைனமோ விளக்குகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டயரின் பக்கத்தில் உரசிச் சுழலும் இந்த டைனமோ சிறு புட்டி போன்ற வடிவில் இருந்ததால் 'புட்டி டைனமோ' எனப் பெயர் பெற்றது. 6 வோல்ட், 3 வாட் என்பது இதன் பொது அளவாயிற்று, முன்விளக்குக்கு 2.4 வாட், பின்விளக்குக்கு 0.6 வாட். பிரித்தானியாவின் ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம் 1930களில் சக்கரக் குடத்துக்குள்ளேயே டைனமோவை அமைத்தது. இதில் டயரை உரசும் சத்தமும் மழையில் வழுக்கும் தொல்லையும் இல்லை.

டைனமோவின் பெருங்குறை ஒன்றுதான்: சக்கரம் நின்றால் விளக்கும் அணையும். சந்திப்பில் வலப்புறம் திரும்பக் காத்து நிற்பவர், பிறர் தம்மைக் கட்டாயம் காண வேண்டிய அந்த நொடியில் இருளில் மறைந்துபோவார்.

தமிழ்நாட்டில் மிதிவண்டி பரவலான காலத்தின் விளக்கும் இதுவே. சென்னை அம்பத்தூரில் 1949இல் டிஐ சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்ட பின், உள்நாட்டில் செய்த வண்டிகள் சிற்றூர்களை எட்டின. இரவில் விளக்கில்லாமல் ஓட்டுவதும், 'டபுள்ஸ்' ஏற்றிச் செல்வதும் காவலர்கள் வழிமறிக்கும் குற்றங்களாக இருந்தன. எதிர்க்காற்றிலும் மேட்டிலும் டைனமோ மிதியைக் கனக்கச் செய்யும் என்பதால் பலர் அதைத் தட்டிவிட்டு ஓட்டுவர். காவலரைத் தொலைவில் கண்டதும் மீண்டும் டயரில் பொருத்துவர். தெரு விளக்கில்லாத ஊர்ச் சாலைகளில் ஓட்டியவர்களுக்கோ அது பாதை காட்டும் துணையாகவே இருந்தது.

பின்விளக்குச் சர்ச்சை

முன்விளக்கை ஏற்ற மிதிவண்டியினர் பின்விளக்கை எளிதில் ஏற்கவில்லை. பிரித்தானியாவில் 1878இல் தொடங்கப்பட்ட மிதிவண்டிச் சுற்றுலாக் கழகம் கட்டாயப் பின்விளக்கைப் பல ஆண்டுகள் எதிர்த்தது. இன்று வியப்பாகத் தோன்றும் இந்நிலைப்பாட்டுக்குப் பின்னால் வலுவான வாதம் இருந்தது. வேகமாக வருபவரே முன்னால் இருப்பதைப் பார்த்து ஓட்ட வேண்டும். தம் கண்ணுக்கு எட்டிய தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகத்தில் அவர் செல்லக் கூடாது. பின்விளக்கைக் கட்டாயமாக்கினால் இந்தப் பொறுப்பு அடிபடுபவர் தலைக்கு மாறிவிடும். தம் முதுகுக்குப் பின்னால் அணைந்துபோன விளக்கை ஓட்டுபவர் அறியவும் முடியாது. அதே சாலையில் நடந்து செல்பவரும் விளக்கு ஏந்துவதில்லை.

எதிர்த்தரப்பின் வாதம் எளியது. சட்டப்படி யார் பொறுப்பாக இருந்தாலும், மோதினால் இறப்பவர் மிதிவண்டியில் இருப்பவரே. 1927ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து விளக்குச் சட்டம் நடுவழி ஒன்றைக் கண்டது. சிவப்புப் பின்விளக்கு அல்லது சிவப்புப் பிரதிபலிப்பான், இரண்டில் ஒன்று போதும் என்றது. இரண்டாம் உலகப் போர் இந்தச் சமரசத்தை முடித்துவைத்தது. 1939இல் வான் தாக்குதலுக்கு அஞ்சித் தெரு விளக்குகள் அணைக்கப்பட்டன. மோட்டார் வண்டிகளின் முகப்பு விளக்குகள் மூடி மறைக்கப்பட்டன. சாலை இறப்புகள் கூடின. முகப்பு விளக்கின் ஒளி விழுந்தால் மட்டுமே மின்னும் பிரதிபலிப்பானால் அந்த இருளில் பயனில்லை. மிதிவண்டிக்குப் பின்விளக்கு கட்டாயமாயிற்று. போர் முடிந்த பின்னும் அந்தக் கடமை நீடித்தது.

எல்இடி விளக்குகள்

1962இல் நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைத் தரும் எல்இடியை உருவாக்கினார். எல்இடியின் முதல் நிறம் சிவப்பாக இருந்தது மிதிவண்டிக்கு வாய்ப்பாக அமைந்தது. பின்விளக்குக்கு வேண்டியதும் சிவப்பே. உடையும் இழை இல்லாததால் குலுக்கலைத் தாங்கியது. விட்டுவிட்டு எரியச் செய்தால் சிறு மின்கலமே நெடுநேரம் நீடித்தது. 1990களில் நீல எல்இடியும் அதைக் கொண்டு வெள்ளை எல்இடியும் வந்தபோது முன்விளக்கும் மாறியது. நீல எல்இடிக்காக அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சட்டங்கள் மெதுவாகவே பின்தொடர்ந்தன. மினுங்கும் விளக்கைப் பிரித்தானியா 2005இல்தான் அனுமதித்தது. டைனமோவை வலியுறுத்திவந்த ஜெர்மனி, பொதுவான மிதிவண்டிகளில் மின்கல விளக்குகளை 2013இல் ஏற்றது.

பகலிலும் விளக்கு எரிந்தால் பயனுண்டா என்பதை டென்மார்க்கின் ஓடென்சே நகரில் 2004-05இல் சோதித்தனர். ஆரக்கம்பியில் பொருத்திய காந்தத்தின் உதவியால் ஓடும்போதெல்லாம் எரியும் விளக்கு ஒரு குழுவுக்கு வழங்கப்பட்டது. மொத்தம் 3,845 பேர் பங்கேற்றனர். விளக்கு பெற்றவர்களிடையே காயம் ஏற்படுத்திய விபத்துகளின் விகிதம் 19 சதவீதம் குறைவாக இருந்தது. விபத்துகளைப் பங்கேற்றவர்களே தெரிவித்தார்கள் என்பதை நினைவில் கொண்டே இம்முடிவைக் கொள்ள வேண்டும்.

பக்கவாட்டு இருளும் புட்டி மூடி விளக்கும்

முன்விளக்கும் பின்விளக்கும் சாலையின் நீளவாக்கில் ஒளி வீசுகின்றன. சந்திப்பில் பக்கத்துச் சாலையிலிருந்து வருபவருக்கு மிதிவண்டியின் பக்கம் மட்டுமே தெரியும். அமெரிக்காவில் 1970களில் வந்த விதிகள் புதிய மிதிவண்டிகளின் சக்கரங்களிலும் மிதிகளிலும் பிரதிபலிப்பான்களைக் கட்டாயமாக்கின. இந்திய அரசும் 2020இல் மிதிவண்டிப் பிரதிபலிப்பான்களுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை வெளியிட்டது. மேலும் கீழும் அசையும் மிதிப் பிரதிபலிப்பான், அது மனிதக் கால்தான் என்று பார்ப்பவருக்கு உடனே உணர்த்தும். ஆனால் பக்கவாட்டில் நெருங்கும் காரின் முகப்பு விளக்கு சக்கரத்தின்மீது நேராக விழும்போது, மிதிவண்டி பெரும்பாலும் காருக்கு எதிரே வந்துவிட்டிருக்கும். தானே ஒளிரும் ஒன்று அங்கே தேவை.

சட்டகத்தின் நடுவே செருகப்படும் தண்ணீர்ப் புட்டி இதற்கு ஏற்ற இடத்தில் இருக்கிறது. மூடியின் அடியில் எல்இடிகளும் சிறு மின்கலமும் நீர்புகா உறைக்குள் வைக்கப்படுகின்றன. ஒளி புட்டிக்குள் கீழ்நோக்கிச் செல்கிறது. பாதி ஒளிபுகும் பிளாஸ்டிக் சுவர் அதைச் சிதறடிக்கிறது. ஒரு புள்ளியாக மின்னுவதற்குப் பதிலாகப் புட்டி முழுவதும் ஒளித்தூணாகத் தெரிகிறது. தண்ணீர் நிறைந்த புட்டி ஒளியைப் பரப்பும் என்பதை வேறொரு வகையில் காட்டியவர் பிரேசில் நாட்டு மெக்கானிக் அல்பிரெடோ மோசர். 2002இல் அவர் கூரையில் துளையிட்டுத் தண்ணீர்ப் புட்டியைச் செருகி, பகலில் மின்சாரமின்றி அறைக்குள் வெளிச்சம் வரச்செய்தார்.

இவ்விளக்குக்கு எல்லைகளும் உண்டு. மிதிக்கும் கால் ஒவ்வொரு சுற்றிலும் அதை மறைக்கும். எஃகுப் புட்டியில் ஒளி வெளியே வராது. எல்லாத் திசையிலும் தெரிவதால் நிறமும் முக்கியம். பின்னால் வருபவருக்கு வெள்ளை ஒளி தெரிந்தால், வண்டி எதிரே வருகிறதா முன்னே செல்கிறதா என்று குழப்பம் ஏற்படும். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என்ற சட்டத் தேவையை இது நிறைவு செய்யாது. எனவே இதைத் துணை விளக்காகவே கொள்ள வேண்டும்.

குட விளக்கு காலத்தில் ஓட்டுபவர் அஞ்சியது சாலையில் கிடந்த கல்லை. இன்று அஞ்சுவது சாலையில் வரும் பிற வண்டிகளை. விளக்கு சக்கரத்திலிருந்து கைப்பிடிக்கும், பின்புறத்துக்கும், இப்போது சட்டகத்தின் நடுவுக்கும் நகர்ந்திருப்பதற்குக் காரணம் இந்த மாற்றமே. தன்னைக் காட்டிக்கொள்ளும் கடமை படிப்படியாக மிதிவண்டியில் செல்பவரிடம் சேர்ந்துள்ளது. வேகமாக வருபவர் பார்த்து ஓட்ட வேண்டும் என்ற பழைய வாதத்தை எந்த விளக்கும் பொய்யாக்கிவிடவில்லை.