விடை சொல்லாத கோச்

மென்பொருளில் சோறு சாப்பிடுகிற எனக்கு இந்த வரலாறு கொஞ்சம் உறுத்துதுங்க. 2017-ல் சென்னை கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, சின்னப் பையன் குகேஷுக்குக் கோச் ஆனார். சரியான நகர்த்தலை செஸ் எஞ்சின் நொடியில் காட்டிவிடும்; ஏன் சரி என்று சொல்லாது. அதனால் கிராண்ட்மாஸ்டர் நிலையை எட்டும் வரை பையனுக்கு எஞ்சினே கிடையாது. யோசிப்பதும் தப்பைக் கண்டுபிடிப்பதும் அவன் வேலை. 2019 ஜனவரியில், 12 வயதில் பட்டம் வந்தது.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். கடைசி ஆட்டத்தில் டிங் லிரென் யானையைத் தப்பாக நகர்த்தினார். காதில் சொல்ல யாருமில்லை, குகேஷே கண்டுபிடித்தார். 18 வயதில் உலக சாம்பியன்.

பீளமேட்டில் என் மகள் யோசிக்கும்போது, “குதிரையை எடு கண்ணு” என்று முந்திக்கொள்வேன். இப்போது வாயை மூடிப் பழகுகிறேன். ரொம்பக் கஷ்டமுங்க.